ஜிஞ்ஜாவைச் சாய்த்தது இடி அமீனா, மின்கம்பியா?

ஏரிக்கரையான்:
உகாண்டாவில், விக்டோரியா ஏரியின் வடகரையில், ஏரியை விட்டு நைல் வெளியேறுகிற வாயிலில் இருக்கும் சின்ன ஊர் ஜிஞ்ஜா. தலைநகர் கம்பாலாவிலிருந்து 80 கிலோமீட்டர். ஒரு காலத்தில் அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். துணி, செம்பு, எஃகு, சிகரெட், பீர், சர்க்கரை என்று ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆலைகள். 2014 கணக்கெடுப்பில் 80 ஆயிரம் பேரைக்கூடத் தொடவில்லை. 2020இல் மாநகரமாக்கி எல்லையை விரித்ததால் இப்போது காகிதத்தில் பெருத்திருக்கிறது, அவ்வளவுதான்.

யாரைக் கேட்டாலும் "அதிபர் இடி அமீன் இந்தியர்களைத் துரத்தினார், ஊர் படுத்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதிக் கதை. மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றி எங்கும் அனுப்பலாம் என்றானபின், ஆலை ஏன் இங்கே நைலின் குறுக்கே கட்டிய அணைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்? ஊரை வளர்த்த அணையிலேயே அதன் சரிவும் ஒளிந்திருந்தது.

கணக்குப்பிள்ளை:
பாதிக் கதையா? நான் அந்தப் பக்கம் ஓர் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவன். மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்து பாருங்கள். கடைகளின் நெற்றியில், சுண்ணாம்புக்காரையில் புடைப்பாகக் குஜராத்திப் பெயரும் கட்டிய வருஷமும் இருக்கும். கீழே ஒரு தையல்காரர் பழைய மிஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பார், மேல்மாடி ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்காது. இந்த ஊரைக் கட்டியவர்கள் யார், போனவர்கள் யார் என்று அதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா?

1972 ஆகஸ்டில் ஆசியர்கள் வெளியேற வேண்டும் என்று அமீனின் அறிவிப்பு வந்தது. 90 நாள் கெடு. 50 ஆயிரம் பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போனார்கள். பக்கத்தில் ககீராவில் 1930இல் சர்க்கரை ஆலை தொடங்கிய மத்வானி குடும்பத்தின் மனுபாய் மத்வானியை கம்பாலாவின் மகிந்தியே ராணுவச் சிறையில் வைத்து அனுப்பினார்கள். ஆலை நடத்தத் தெரிந்தவர், கடன் கொடுத்தவர், சரக்கை வாங்கி விற்றவர் எல்லாரும் ஒரே மழைக்காலத்துக்குள் காலி. இதில் மின்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறீர்களே அண்ணே.

ஏரிக்கரையான்:
தொங்கவில்லை, தேதி சொல்கிறேன். சார்லஸ் வெஸ்ட்லேக் என்ற மின் பொறியாளர் 1947இல் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் ஓவன் நீர்வீழ்ச்சி அணைத் திட்டம் எழுந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி வந்து திறந்தார். மலிவான மின்சாரத்தைக் காட்டினால் ஆலைகள் வரிசைகட்டி வரும் என்பது கணக்கு. வந்தவை சில. நாட்டின் மேற்குக் கோடியில் கிலெம்பே சுரங்கத்தில் வெட்டிய செம்பை 1956 முதல் ரயிலில் இங்கே கொண்டுவந்து உருக்கினார்கள். மின்சாரம் இங்கே இருந்ததால்தான் அந்த நீண்ட பயணம். துணி ஆலையும் வந்தது.

ஆனால் நினைத்த அளவுக்கு வரவில்லை. 1950களிலேயே மின்சாரம் மிஞ்சிப்போய்க் கென்யாவுக்குக் கம்பி இழுத்து விற்க ஒப்பந்தம் போட்டார்கள். கவனியுங்கள், அமீன் ஆட்சியைப் பிடித்தது 1971இல். ஜிஞ்ஜாவின் மின்சாரத்தில் நைரோபியில் விளக்கு எரியலாம் என்றால், முதலாளி நைரோபியிலேயே ஆலை கட்டிக்கொள்வாரே.

தண்டவாளம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே சந்தையை விட்டுவிட்டீர்கள். கென்யத் துறைமுகமான மொம்பாசாவிலிருந்து வரும் ரயில் பாதை 1931இல் நைல் பாலத்தைத் தாண்டிக் கம்பாலாவைத் தொட்டது. அதற்கு முன்னால் ஜிஞ்ஜாவில் ஏரிக் கப்பலுக்கும், வடக்கே நமசகாலி ஊருக்கு 1912இல் போட்ட ரயிலுக்கும் நடுவே பருத்தி மாற்றி ஏற்றும் வேலை நடந்தது. அதில்தான் ஊர் முதலில் தலைதூக்கியது. பாலம் வந்ததும் அந்த வேலைக்கான தேவை சுருங்கியது. அப்புறம் 1977இல் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற கூட்டமைப்பு உடைந்தது. பொது ரயில்வே மூன்றாகப் பிரிந்தது. மூன்று நாட்டுச் சந்தைக்காகப் போட்ட தறி ஒரு நாட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

கணக்குப்பிள்ளை:
சமூகம் உடைந்ததற்கு அமீனும் ஒரு காரணம்தானே தம்பி! தான்சானியா அதிபர் நைரேரே அவரோடு ஒரே மேசையில் உட்காரவே மறுத்தார். சுற்றி வளைத்து என் வாசலுக்கே வந்துவிட்டீர்கள்.

மேகலா:
முதலில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஆற்றின் கிழக்குக் கரை புசோகா என்ற பகுதி, அங்கேதான் ஜிஞ்ஜா. மேற்குக் கரை புகாண்டா என்ற பகுதி, அங்கே ந்ஜேரு என்ற ஊர். நீங்கள் ஜிஞ்ஜாவின் பெருமையாகச் சொல்கிற பீர் ஆலையும் பெரிய துணி ஆலையும் ந்ஜேரு பக்கம் இருப்பவை. வரியும் நிலமும் வேறு நிர்வாகத்தில். ஊரின் சரிவைப் பேசுகிறவர்கள் எது ஊர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, ஏரி. 1862 ஜூலையில் ஆங்கிலேயப் பயணி ஸ்பீக் இங்கே வந்து பார்த்து ரிப்பன் நீர்வீழ்ச்சி என்று பெயர் வைத்தாரே, அந்த ரிப்பன் யார் தெரியுமா? சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் தந்த அதே ரிப்பன் பிரபுதான். அப்போது அவர் வைஸ்ராய் ஆகியிருக்கவில்லை. லண்டன் புவியியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அந்த நீர்வீழ்ச்சியின் பாறை வரம்புதான் ஏரிக்கு இயற்கையான மதகு. அணை வந்ததும் அது மூழ்கிவிட்டது. இயற்கையாக எவ்வளவு தண்ணீர் வழிந்திருக்குமோ அவ்வளவுதான் திறக்க வேண்டும் என்று எகிப்தோடு ஏற்பாடு, அதைக் கண்காணிக்க எகிப்துப் பொறியாளரே அங்கே தங்கியிருந்தார்.

2000 வாக்கில் அதே தண்ணீரைப் பங்குபோட இரண்டாவதாகக் கீரா மின்நிலையம் வந்தது. 2004, 2005இல் மழையும் பொய்த்தது, அளவுக்கு மேல் தண்ணீரும் திறந்தார்கள். ஏரி மளமளவென்று இறங்கி, 2006இல் நாடெங்கும் மின்வெட்டு. அணையின் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிற ஆலையும் டீசல் ஜெனரேட்டர் ஓட்டியது. பக்கத்தில் இருப்பதால் ஜிஞ்ஜாவுக்குத் தனிச் சலுகை எதுவுமில்லை. இந்த இடத்தில் ஏரிக்கரையான் சொல்வது சரி.

ஏரிக்கரையான்:
நன்றி அக்கா. அதைத்தான் சொல்கிறேன். நீர்மின்சாரத்தில் முளைத்த ஊருக்கு அந்த மின்சாரத்தின் மேல் உரிமை இல்லை. எல்லாம் நாடு முழுவதற்குமான மின்கம்பி வலைக்கு, தேசிய கிரிடுக்குப் போகிறது. ஆற்றில் கீழே 2012இல் புஜகாலி, 2019இல் இசிம்பா என்று மின்நிலையம் அடுக்கடுக்காக வந்தும் ஜிஞ்ஜாவின் ஆலைப்பேட்டை பழைய நிலைக்குத் திரும்பவில்லையே.

கணக்குப்பிள்ளை:
மீனை மறந்துவிட்டீர்கள். 1990களில் நைல் பெர்ச் மீனைப் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆலைகள் ஏரிக்கரையில்தான் வந்தன. ஜிஞ்ஜாவின் மசேசே கரையில் விடியற்காலை படகு ஒதுங்கினால் கூடைக்காரப் பெண்களின் கூச்சலில் பேரம் காதில் விழாது. பெரிய மீனெல்லாம் ஆலைக்கு, தலையும் முள்ளும் இவர்களுக்கு. 1999இல் பூச்சிமருந்து கலந்த மீன் என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டபோது ஆலைகள் தடுமாறின, சரி. ஆனால் முதல் போட ஆள் இருந்தால் இந்த ஊரில் ஆலை எழும் என்பதற்கு அதுவே சாட்சி.

தண்டவாளம்:
மீன் ஏரியில் இருக்கிறது, அதனால் ஆலை ஏரிக்கரைக்கு வந்தது. பருத்தித் துணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போதாததற்கு, வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. கம்பாலா சந்தையில் அதற்கென்றே தெருக்கள் இருக்கின்றன. எந்தத் தறி போட்டியிடும்?

ஏரிக்கரையான்:
அதே கோட்டில் ககீராவையும் வையுங்கள். வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு குறைந்துவிடும். வயல் அங்கே, ஆலையும் அங்கேதான் இருந்தாக வேண்டும். அதனால்தான் 1985இல் மத்வானி குடும்பம் அரசோடு கூட்டாகத் திரும்பி வந்ததும் ஆலை மீண்டது. இன்று சக்கையிலிருந்து மின்சாரம் எடுத்து கிரிடுக்கே விற்கிறார்கள். துணி ஆலை கைமாறிக் கைமாறி ஓடுகிறது, பழைய பருமன் இல்லை. இரண்டுக்கும் 1972 ஒன்றுதான். பிறகு வேறு வேறு கதி ஏன்? ஒன்றை நிலம் பிடித்து வைத்தது, இன்னொன்றைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கரும்பும் 1985 வரை காத்துக் கிடந்ததே, அண்ணே. 13 வருஷம் வயல் எங்கும் நகரவில்லை, அணை நின்றது, கம்பியிலும் மின்சாரம் ஓடியது. இருந்தும் சர்க்கரை உற்பத்தி ஏறக்குறைய நின்றே போனது. நிலம் பிடித்து வைத்ததென்றால் அந்த 13 வருஷத்தில் ஏன் பிடிக்கவில்லை? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மின்கம்பிக்கு வாருங்கள்.