எங்கள் தெரு மிலிட்டரி தாத்தாவுக்கு எப்படி மரியாதை செய்யலாம்?

கேரம் கிளப், தண்டையார்பேட்டை:
எங்கள் தெருத் தாத்தா ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 பாகிஸ்தான் சண்டையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி எடுத்தவர். அந்தப் போரின் வெற்றி நாளான டிசம்பர் 16 அன்று கிளப் வாசலில் மேடை, மாலை, பொன்னாடை, ஷீல்டு என்று பசங்க முடிவு பண்ணிவிட்டார்கள். பேனர் டிசைனும் வந்தாச்சு. அதில் வட்டப் பிரமுகர் படம்தான் பெரிசு. தாத்தா ஓரத்தில், பின்னால் ஏ.கே.47 வேறு! அவரோ, "எதுக்குடா கண்ணு, காசு தண்டம்" என்கிறார். விட்டுவிடலாமா, வேறு மாதிரி செய்யலாமா?

ஓய்வு நாயக், பெரம்பூர்:
தம்பி, நானும் சாப்பர்தான். முதலில் அந்தத் துப்பாக்கியைத் தூக்குங்க. பசந்தரில் டேங்கோடு போய் 21 வயதில் உயிரைக் கொடுத்த அருண் கேத்ரபாலை எல்லோருக்கும் தெரியும், பரம்வீர் சக்கரம் வாங்கியவர். அந்த டேங்குகளுக்குக் கண்ணிவெடிக்கு நடுவே வழி திறந்தது நம்ம ஆட்கள். ராத்திரி, டிசம்பர் குளிர், மேலே பீரங்கி ஷெல் விழுந்துகொண்டே இருக்கும், கீழே மண்ணைக் குத்திக் குத்திப் பார்க்கணும். அதை மைக்கில் சொல்லுங்க. பேர், ரேங்க், யூனிட் மூன்றும் தப்பில்லாமல் வாசிங்க. மெடல் இருந்தால் இடது மார்பில் குத்தச் சொல்லுங்க. மேற்கு முனையில் சண்டை போட்டவர் என்றால் பஸ்சிமி ஸ்டார் மெடல் இருக்கணும்.

ராயபுரம் மகள்:
எங்க அப்பாவை ஒரு விழாவில் வெயிலில் உட்கார வைத்தார்கள். பிரமுகர் வர மதியம் ஆச்சு. பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு மனுஷன் தண்ணீரே குடிக்கவில்லை. ஷீல்டு பரணில் கிடக்கு. சாயங்காலம் வையுங்க, அவரை முதலில் கூப்பிடுங்க. அப்புறம், அவருக்கு 80 முடிஞ்சிருக்கா? அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடியிருக்கணும். ரெக்கார்டில் பிறந்த தேதி இல்லாவிட்டால் ஏறாமலே கிடக்கும். ராணுவ பென்ஷன் வெப்சைட்டான ஸ்பர்ஷில் பாருங்க.

கேரம் கிளப், தண்டையார்பேட்டை:
மேடை கேன்சல். தெருவிலேயே நாற்காலி போட்டு, டீ, பஜ்ஜியோடு சாயங்காலம் 5 மணிக்கு. பிரமுகர் வந்தால் வரட்டும். மெடல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, 2015 வெள்ளத்தில் ரிப்பன் மக்கிவிட்டது. புது ரிப்பன் எங்கள் செலவு. பென்ஷன் பேச்சை எடுத்ததும்தான் தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடினார், போன மாதமே 80 முடிஞ்சுதாம்! ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. என்ன செய்ய?

ஓய்வு நாயக், பெரம்பூர்:
பொது சேவை மையத்தில் செய்து தருவார்கள். பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), ஆதார், டிஸ்சார்ஜ் புக் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்க. தாத்தாவையும் கூட்டிப் போங்க, கைரேகை கேட்பார்கள். எனக்கும் ரெண்டு பஜ்ஜி எடுத்து வையுங்க.