புதுப்பிப்பு: அம்மாவின் பழைய பட்டுப்புடவைகளை விற்றது குறித்து

நைந்துபோன பட்டுப்புடவைகளை எங்கே விற்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ‘பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்’ என்று பலகை வைத்திருக்கும் கடைகளில் விசாரிக்கும்படி பலர் சொன்னீர்கள். அவ்வாறே காஞ்சிபுரத்தில் விற்றுவிட்டேன்.

நான் விசாரித்த கடைகளில் பட்டுக்கு விலை இல்லை, ஜரிகையில் உள்ள வெள்ளிக்குத்தான் விலை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. கடைக்காரர் முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்ட, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. பிறகு அதை உரைகல்லில் தேய்த்து, கோடு வெள்ளியாக விழுகிறதா, செம்பு நிறம் காட்டுகிறதா என்று வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். செம்பு ஜரிகைக்கு அற்ப விலைதான். பாலியஸ்டர் நூலில் செய்த பளபளப்பு ஜரிகையை அவர் தொடவே இல்லை.

உரசிப் பார்க்காமல் மொத்தமாக ஒரு தொகை சொன்ன கடைக்கு நான் கொடுக்கவில்லை. நீங்களும் அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு புடவையையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள்.

விற்ற புடவை பெரும்பாலும் எரிக்கப்பட்டு, வெள்ளி உருக்கி எடுக்கப்படுகிறது என்பதால், உடல்பகுதி உறுதியாக இருந்தவற்றை, நெய்தவரின் உழைப்பை நினைத்து, பாவாடை தைக்க வைத்துக்கொண்டேன். பனாரஸ் புடவையைப் பற்றிக் கேட்டிருந்தவருக்கு: ஜரிகை அசலாக இருந்தால் அதையும் எடுத்துக்கொள்கிறார்கள்.