மதிப்பீடு முடிந்தது, மேம்பாட்டுத் திட்டத்தை எங்கே தொடங்குவது?

கோத்தகிரி டீச்சர்:
தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய நடுநிலைப் பள்ளி, 63 பிள்ளைகள். பள்ளிகளைத் தரம் பார்க்கும் தேசியத் திட்டமான ஷாலா சித்தியின் வெளி மதிப்பீட்டுக் குழு போன மாதம் வந்துபோனது. 46 தரநிலைகளில் பாதிக்கு மேல் முதல் நிலைதான், அதாவது மூன்று நிலைகளில் அடிமட்டம். கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன். மூட்டம் இறங்கினால் கரும்பலகை தெரியாத வகுப்பறை, நவம்பரில் ஒழுகும் கூரை, எழுத்துக்கூட்டியே வாசிக்கும் ஐந்தாம் வகுப்பு. எல்லாம் எழுதினால் முப்பது பக்கம் வருகிறது. எதை முதலில் பிடிப்பது?

குன்னூர் ஓய்வு வாத்தியார்:
முப்பது பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள் டீச்சர். நானும் எழுதியவன்தான். கல்வி உரிமைச் சட்டப்படி திட்டம் 3 ஆண்டுக்கு. தயாரிக்க வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு, அதில் முக்கால் பங்கு பெற்றோர். 31 முதல் 100 பிள்ளைகள் வரை, பள்ளிச் செலவுக்கு அரசு ஆண்டுதோறும் தரும் ஒருங்கிணைந்த மானியம் 25,000 ரூபாய், அதிலும் 10 சதவீதம் தூய்மைக்கு. கூரை அதில் அடங்காது, தனியாகக் கேளுங்கள். மானியத்தில் விளக்கு மாட்டுங்கள். வாசிப்புக்குக் காசே வேண்டாம். தினமும் முதல் பீரியடில் இருபது நிமிடம்.

தோட்டத்து அம்மா:
கூட்டத்தை மூன்று மணிக்கு வைக்காதீங்க டீச்சர். இலை எடை போட்டு முடிய ஐந்தாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவோம்.

கோத்தகிரி டீச்சர்:
சரி, ஞாயிறே. "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அப்புறம் சார், ஒரு வகுப்புக்கு எத்தனை விளக்கு போட்டீர்கள்?