கூட்டுப் பேர உரிமையைச் சுருக்கினால் அரசுச் செலவு குறையுமா?

கேள்வி கேட்பவர்: வீரவநல்லூர் சம்பளப்பிரிவு

எங்கள் ஊர் டீக்கடையில் காலை ஐந்தரைக்கு ஏழெட்டுப் பேர் கூடுவோம். போன செவ்வாய்க்கிழமை, பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிற தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "மாமா, அரசாங்கத்துக்கு வருகிற காசெல்லாம் சம்பளம், பென்ஷன், வட்டி என்று போனால் ரோடு எதில் போடுவது? சங்கங்களோடு உட்கார்ந்து பேசுவதைச் சட்டம் போட்டுக் குறைத்துவிட்டால் செலவும் குறையும் இல்லையா?" சங்கம் வழியாகச் சம்பளம் பேசி முடிக்கிற கூட்டுப் பேர உரிமையைத்தான் அவர் சொன்னார். கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கு மாதம் பதினோராயிரம். பிஎஃப் கிடையாது, பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. அவருக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. எனக்குத்தான் அந்த இடத்தில் பதில் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் 1989ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பாதிக்கு மேல் சம்பளப் பிரிவில்தான் இருந்தேன். பில் போட்டு அம்பாசமுத்திரம் கருவூலத்துக்கு எடுத்துப்போய், ஆட்சேபணை வந்தால் திருத்தித் திரும்பக் கொண்டுபோன கை இது. இத்தனை வருடத்தில் எங்கள் சம்பளத்தை எங்களோடு பேரம் பேசி யாரும் முடித்ததாக நினைவில்லை. மத்திய ஊதியக்குழு அறிக்கை வரும். சென்னையில் அதிகாரிகள் குழு ஒன்று போடுவார்கள். சங்கங்கள் போய் மனுக் கொடுக்கும். அப்புறம் ஒரு நாள் அரசாணை வரும். ஏழாவது ஊதியக்குழுவுக்கு 2017 அக்டோபரில் அப்படித்தான் வந்தது. பழைய அடிப்படைச் சம்பளத்தையும் தர ஊதியத்தையும் கூட்டி 2.57ஆல் பெருக்கு, 2016 ஜனவரியிலிருந்து ஏட்டில் ஏற்றிக்கொள், காசு அக்டோபரிலிருந்துதான். இடையிலே 21 மாதம் போனது போனதுதான்.

2020ல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பஞ்சப்படி உயர்வு நின்றது. எடுக்காத விடுப்பைக் காசாக்குகிற ஈட்டிய விடுப்பு சரண்டர் நின்றது. அந்த ஜூனில் 58 முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவன் நான். ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், மறுவருடம் 60. அரசுக்கு அந்த இரண்டு வருடமும், ஓய்வின்போது மொத்தமாகத் தருகிற பணிக்கொடைச் செலவு தள்ளிப்போனது. இதில் எதையும் யாரோடும் பேசி முடிக்கவில்லை, ஆணை வந்தது. 2022ல் வெளியே வந்தேன்.

2003 ஜூலையையும் சொல்லாமல் விட முடியாது. வேலைநிறுத்தத்தில் இருந்த ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் வேலையை விட்டு நீக்கினார்கள். நானும் அதில் ஒருவன். ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று சொன்னது. நிபந்தனையில்லாத மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பச் சேர்ந்தேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. வெள்ளைத் தாளில் நான் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, எங்களைப் போன்றவர்களுக்கு இல்லாத உரிமையை எப்படிச் சுருக்குவது? பேருந்து, மின்வாரியம் மாதிரி ஒப்பந்தம் போடுகிற இடங்களில் பேச்சுவார்த்தையால்தான் செலவு கூடுகிறதா? வேறு நாட்டில் யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காடு வாழைத்தோட்டம்

அண்ணாச்சி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்தத் தம்பி பக்கம்தான் நான். ஏத்தன் தாரை எடை போட்டு வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன். எனக்கு ஊதியக்குழுவும் இல்லை, பஞ்சப்படியும் இல்லை.

2021 ஆகஸ்டில் அரசே வெள்ளை அறிக்கை விட்டதே. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நஷ்டம் என்று அதில் இருக்கிறது. அது என் பிள்ளைகள் தலையில் ஏறுகிற கடன். விலைவாசி எவ்வளவு ஏறியதோ அதற்கு மேல் சம்பளம் கூட்ட வேண்டுமானால் சட்டமன்றத்தில் கணக்கு வைத்துக் கேட்கட்டும் என்று ஒரு வரம்பு போட்டால் என்ன?

இன்னொன்று, மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் மயினி (அண்ணி) குப்பை வண்டியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒன்பது வருடம் ஆகிறது. அதே வண்டியில் நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வருகிறார். இருவரும் அள்ளுவது ஒரே குப்பை. மயினிக்கு அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. சங்கம் சங்கம் என்கிறீர்களே, மயினிக்காக எந்தச் சங்கம் உட்கார்ந்து பேசியது?

ஓட்டுநர் மகள், பாளையங்கோட்டை

வாழைத்தோட்டம் அண்ணன் சொன்ன 59.15 ரூபாய் சரிதான். ஆனால் அது முழுக்கச் சம்பளத்தால் வந்த நஷ்டம் போல எழுதியிருக்கிறீர்கள். 2011 நவம்பருக்குப் பிறகு கட்டணத்தை உயர்த்தியது 2018 ஜனவரியில்தான். நடுவில் டீசல் சும்மா இருந்ததா? காட்டுக்குள் மாஞ்சோலைக்குப் போகிற வண்டியில் எத்தனை டிக்கெட் விழும் என்று பார்த்து யாராவது ஓட்டுவார்களா? ஊருக்கு வண்டி வேண்டும் என்பதற்காக ஓட்டுகிற வண்டி அது. அந்தச் செலவு மக்களுக்கான செலவு. அதைத் தொழிலாளி கணக்கில் எழுதக் கூடாது.

பேருந்துத் தொழிலாளர் சம்பள ஒப்பந்த விஷயம் அப்பாவால் எனக்குக் கொஞ்சம் தெரியும். தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில் கையெழுத்தாகி வந்தது. தொழிலாளர் துறை முன்னால் போட்ட ஒப்பந்தம் என்பதால் எல்லாத் தொழிலாளரையும் அது கட்டியது. மூன்று வருடத்துக்கு ஒன்று என்று இருந்தது. 13வது ஒப்பந்தத்துக்கு 2018 ஜனவரியில் எட்டு நாள் பஸ் ஓடவில்லை, பொங்கல் நெருங்குகிற சமயம். 2019 செப்டம்பரில் வந்திருக்க வேண்டிய 14வது, 2022 ஆகஸ்டில் கையெழுத்தானது. 5 சதவீத உயர்வு. அதில்தான் மூன்று வருடத்தை நான்காக்கினார்கள். 15வது 2023 செப்டம்பரில் தொடங்க வேண்டியது, 2025 மே மாதம் முடிந்தது. 6 சதவீத உயர்வு. இந்தக் கணக்கில் எங்கே ஆடம்பரம்?

தாமதம் பண்ணினால் மிச்சம் என்று நினைக்கிறார்கள். அப்பா ஓய்வு பெற்று அவருடைய பணிக்கொடை கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் தங்கை கல்யாணத்துக்கு மூன்று வட்டிக்கு வாங்கினோம். நூற்றுக்கு மாதம் மூன்று. அரசுக் கணக்கில் மிச்சமானது எங்கள் வீட்டுக் கணக்கில் வட்டியாகப் போனது.

மேடிசன் நெல்லைக்காரன்

அண்ணாச்சி, நான் சொந்த ஊர் முக்கூடல், இப்போது விஸ்கான்சின் மாநிலத் தலைநகரில் இருக்கிறேன். நீங்கள் கேட்டதை இங்கே செய்தே பார்த்துவிட்டார்கள்.

உள்ளாட்சி ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையைச் சட்டமாகக் கொடுத்த முதல் அமெரிக்க மாநிலம் இதுதான், 1959ல். அதே மாநிலத்தில் 2011ல் ஸ்காட் வாக்கர் ஆளுநராக வந்தார். இங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி. அடுத்த இரண்டு வருடத்துக்கு 360 கோடி டாலர் பற்றாக்குறை என்று சொல்லி ஒரு சட்டம் கொண்டுவந்தார். பத்தாம் எண் சட்டம் என்பார்கள். சங்கம் அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசலாம். விலைவாசி உயர்வுக்கு மேல் கேட்டால் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். வாழைத்தோட்டம் அண்ணன் சொல்வது ஏறக்குறைய இதுதான். சங்கம் வருடா வருடம் ஓட்டெடுப்பில் ஜெயித்தால்தான் பேசலாம். ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவரும் எதிர்ப்பாகக் கணக்கில் சேர்வார். சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பென்ஷனுக்கு ஊழியர் சம்பளத்தில் ஏறக்குறைய 5.8 சதவீதமும், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் 12.6 சதவீதமும் கட்ட வேண்டும். போலீசுக்கும் தீயணைப்புக்கும் மட்டும் விலக்கு.

செலவு குறைந்ததா என்றால், குறைந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதில் பெரும்பகுதி பேச்சை நிறுத்தியதால் வந்த மிச்சம் இல்லை. ஊழியர் தன் பையிலிருந்து கட்டத் தொடங்கியதால் வந்தது. அந்தப் பங்கைக் கட்டச் சம்மதம் என்று சங்கங்கள் அந்தப் போராட்டத்தின்போதே சொல்லின. பேசும் உரிமையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டன. கேட்கவில்லை. பிறகு அரசு ஊழியர் சங்கங்களின் உறுப்பினர் பாதிக்கு மேல் குறைந்தார்கள். கூடச் சம்பளம் கொடுக்கிற ஊருக்கு ஆசிரியர்கள் மாறினார்கள், சின்ன ஊர்ப் பள்ளிகள் திணறின. 2024 டிசம்பரில் இங்குள்ள மாவட்ட நீதிபதி ஒருவர் சட்டத்தின் பெரும்பகுதி செல்லாது என்றார், அது மேல்முறையீட்டுக்குப் போனது.

வீரவநல்லூர் சம்பளப்பிரிவு

எல்லோருக்கும் நன்றி. மேடிசன் தம்பி சொன்னதை இரண்டு முறை படித்தேன். பங்கைக் கட்டுகிறோம், பேச விடுங்கள் என்று அவர்கள் கேட்ட இடத்தில் நின்றுவிட்டேன். இங்கே 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் புதிய பென்ஷன் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதானே இருந்தோம். அந்தப் பிடித்தத்தைப் பில்லில் போட்டவன் நான். பேசாமலே பிடித்தார்கள்.

இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பேசுவதால் செலவு கூடவில்லை. கணக்கு இல்லாமல் முடிவு செய்வதால் கூடுகிறது. 2017ல் எங்கள் அலுவலகத்தில் 43 பேருக்குப் புதிய சம்பள நிர்ணயம் போட்டபோது, வேலை முடிந்து இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தேன். வருடத்துக்கு 3 சதவீத ஊதிய உயர்வு, யார் எந்த வருடம் ஓய்வு, பணிக்கொடை எவ்வளவு என்று அடுத்த பத்து வருடத்துக்கும் போட்டேன். ஒரே தாள்தான். 43 பேருக்குப் போட முடிந்ததை மாநிலம் முழுவதற்கும் போட்டு, கையெழுத்துக்கு முன்னால் வெளியில் வைக்க முடியாதா? அரசும் பார்க்கட்டும், சங்கமும் பார்க்கட்டும், களக்காட்டுத் தம்பியும் பார்க்கட்டும். சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். விலைவாசி வரம்பைத்தான் ஏற்க முடியவில்லை. மோசமான வருடத்தில் சரி. பத்து வருடம் அதுவே நீடித்தால், வேலையில் சேர்ந்த அன்றைக்கு வாங்கிய மதிப்பைத்தான் அந்த மனிதர் கடைசி வரை வாங்குவார்.

ஓட்டுநர் மகள் சொன்ன தாமதத்துக்குத் தேதி கட்ட வேண்டும். பழைய ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பேச்சு தொடங்க வேண்டும். முடியாவிட்டால் நடுவரிடம் போக வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு 1966 முதலே கூட்டு ஆலோசனை அமைப்பும் நடுவர் ஏற்பாடும் இருக்கின்றன, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. போக்குவரத்துப் பேச்சுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் போய் உட்காருவதும் சரியில்லை. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம் பேசலாம், இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்கு ஒருவர் வீதம் ஒரு குழு பேசலாம் என்று இருக்கிறது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காதது நிறைய. இந்த ஒன்று நல்லது, ரகசிய ஓட்டு வைத்துச் செய்தால்.

"பேச்சை நிறுத்திவிடலாம்" என்று யார் சொன்னாலும் எனக்கு கொக்கிரகுளம் ஆற்றங்கரைதான் நினைவுக்கு வருகிறது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியதில் 17 பேர் தாமிரபரணியில் உயிர்விட்டார்கள். அது தனியார் தோட்டம், அரசு ஊழியர் விஷயம் இல்லை, தெரியும். கேட்பதற்கு ஒரு மேசை வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுதானே.

தம்பி, உங்கள் மயினிக்காக எந்தச் சங்கம் பேசியது என்று கேட்டீர்கள். நான் இருந்த சங்கம் பேசவில்லை. 33 வருடத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்காக ஒரு தீர்மானம் கூட நாங்கள் போட்டதில்லை. அது எங்கள் தவறு. அந்த மேசையில் அவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும், அவர்கள் சம்பளமும் அந்தக் கணக்குத் தாளில் வர வேண்டும்.

மயினியிடம் சம்பளச் சீட்டு இருந்தால், அதில் பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். பிடித்ததைக் கட்டியிருக்கிறார்களா என்று எங்கே பார்ப்பது, எப்படி எழுதிக் கேட்பது என்பதை நான் சொல்கிறேன். மனுவையும் நானே எழுதித் தருகிறேன்.