நலச் சங்கக் குழு: வெப்சைட்டில் உறுப்பினர் பட்டியல்

செயலாளர் (காலை 7:40)
அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு முன்பாக நம் சங்க வெப்சைட்டில் உறுப்பினர் பட்டியல் போடுவதாகப் பேசினோம். பொருளாளர் நேற்று இரவு போட்டுவிட்டார். திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்க.

பொருளாளர் (7:44)
யூடியூப் பார்த்துப் போட்டேன். ஒரே வரிதான். ஷார்ட்கோடு என்கிறார்கள், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதும் சின்னக் கட்டளை. குழுவின் பெயரைக் கொடுத்தால் எல்லாரையும் அதுவே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறது 👍

3-வது வீதி மாமா (7:45)
இனிய காலை வணக்கம் 🌹🌹

2-வது வீதி அக்கா (7:58)
அண்ணா, என் பெயரையே காணோம். அந்த இடத்தில் என் மொபைல் நம்பர் நிற்கிறது. எனக்கு மேலே இருப்பவருக்கும் நம்பர்தான்!

மேல்வீட்டுப் பாட்டி (8:01)
சிறுவாணித் தண்ணி இன்னைக்கா நாளைக்கா கண்ணு?

செயலாளர் (8:02)
நாளைக்குங்க அம்மா.
வெப்சைட் பார்க்கும் தம்பி எங்கே? @வெப்சைட் தம்பி

வெப்சைட் தம்பி (8:15)
பார்த்துவிட்டேன் சார். முதல் வேலையாக அந்தப் பக்கத்தை 'பிரைவேட்' ஆக்கிவிட்டேன். இப்போதைக்கு அட்மின், எடிட்டர் தவிர யார் கண்ணிலும் படாது. கேஷையும் (பக்கம் வேகமாகத் திறக்கச் சேமித்து வைத்த நகல்) அழித்தாயிற்று. இல்லாவிட்டால் பழைய பக்கமே வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

2-வது வீதி அக்கா (8:16)
நம்பர் எப்படி வந்தது தம்பி?

வெப்சைட் தம்பி (8:24)
அந்த ஷார்ட்கோடு காட்டியது லாகின் பெயரை அக்கா. வெப்சைட் தொடங்கிய காலத்தில், மறக்காமல் இருக்கட்டும் என்று எல்லாரையும் மொபைல் நம்பரையே லாகின் பெயராக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் வெப்சைட்டை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் லாகின் பெயரை ஒருமுறை வைத்துவிட்டால் புரொஃபைல் பக்கத்தில் மாற்ற வழியில்லை. வெளியே தெரிகிற டிஸ்ப்ளே நேம் வேறு. அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பட்டியலில் வரவேண்டியது அதுதான்.

பொருளாளர் (8:26)
அட, வீடியோவில் அழகாகப் பெயர்தானே வந்தது!

வெப்சைட் தம்பி (8:27)
அவர்கள் லாகின் பெயரே நிஜப் பெயராக இருந்திருக்கும் மாமா.

பதிவுத்துறை மாமா (8:41)
நடுவில் நான் ஒன்று சொல்கிறேன். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி உறுப்பினர் பதிவேடு வைத்தாக வேண்டும். அது சங்க அலுவலகத்தில் இருக்கிற பதிவேடு. உலகமே பார்க்க வெப்சைட்டில் போடச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. போதாததற்கு 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது. ஒப்புதலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போடுவதே மரியாதை.

செயலாளர் (8:45)
சரிங்க மாமா. ஆனால் அவசரத்துக்கு யார் வீடு எது என்று தெரியாமல் திண்டாடுகிறோமே. போன மழையில் தண்ணீர் ஏறியபோது 4-வது வீதியில் யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. பட்டியல் வேண்டும். எப்படிப் போடலாம் தம்பி?

வெப்சைட் தம்பி (9:10)
சார், இதற்கென்றே சில ப்ளக்இன் (வெப்சைட்டில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) இருக்கின்றன. படிப்ரஸ் போட்டால் உறுப்பினர் பக்கம், குழுக்கள் எல்லாம் வரும். கூடவே ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட், சுவரில் எழுதுவது என்று சின்ன ஃபேஸ்புக்கே வந்துவிடும். அரட்டைக்கு இந்தக் குழுவே போதும் என்பது என் கருத்து 😄

அல்டிமேட் மெம்பர் நமக்குச் சரியாக வரும். அதில் 'மெம்பர் டைரக்டரி' என்று ஒன்று உருவாக்கி, எந்த ரோலில் (வெப்சைட்டில் ஒருவருக்குக் கொடுக்கும் பொறுப்பு வகை) இருப்பவர்கள் வர வேண்டும், ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே என்ன தெரிய வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பெயரும் வீதியும் மட்டும் போதும் என்றால் அவ்வளவுதான் வரும். உறுப்பினரே தன் அக்கவுண்ட் பக்கத்தில் 'டைரக்டரியில் என்னைக் காட்டாதே' என்று மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

ஒரே சிக்கல். பொருளாளர் மாமா பயன்படுத்திய ப்ளக்இனில் பிரித்து வைத்திருக்கும் குழுக்களை இது எடுத்துக்கொள்ளாது, ரோலைத்தான் பார்க்கும். அதனால் 'செயற்குழு', 'உறுப்பினர்' என்று இரண்டு ரோல் புதிதாக உருவாக்க வேண்டும்.

பொருளாளர் (9:13)
அகர வரிசையில் வருமா?

வெப்சைட் தம்பி (9:21)
அங்கேதான் கூத்து மாமா. இந்த மாதிரி ப்ளக்இன் எல்லாம் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று கேட்கும். நம் ஆட்கள் இனிஷியலை ஒருவர் முன்னால் போட்டிருக்கிறார், ஒருவர் பின்னால் போட்டிருக்கிறார். சிலர் லாஸ்ட் நேமில் அப்பா பெயரை முழுசாக எழுதியிருக்கிறார்கள். வரிசைப்படுத்தினால் பாதிப் பேர் அப்பா பெயரில்தான் நிற்பார்கள். இங்கிலீஷில் அடித்தவர்கள் ஒரு கும்பலாக மேலே போய்விடுவார்கள், தமிழில் அடித்தவர்கள் கீழே.

மேல்வீட்டுப் பாட்டி (9:22)
எங்க வீட்டுக்காரர் பேர்ல தேடினாத்தான் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா? 😂

வெப்சைட் தம்பி (9:25)
அப்படித்தான் ஆகும் பாட்டி! அதனால் பெயர் வரிசையை விட்டுவிட்டு, 'வீதி' என்று ஒரு டிராப்டவுன் ஃபீல்டு சேர்த்து அதை ஃபில்டராக வைக்கிறேன். 4-வது வீதி என்று தேர்ந்தெடுத்தால் அந்த வீதிக்காரர்கள் மட்டும் வருவார்கள்.

2-வது வீதி அக்கா (9:31)
லாகின் செய்யாதவர்களுக்கு ஒன்றும் தெரியக் கூடாது தம்பி. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தனியாக இருக்கிற பெண்கள் நம் வீதியில் மூன்று வீட்டில் இருக்கிறார்கள். நம்பர் என்றில்லை, பெயரும் வீதியும்கூட வெளியாருக்கு எதற்கு?

பதிவுத்துறை மாமா (9:33)
அம்மிணி சொல்வது நூற்றுக்கு நூறு.

செயலாளர் (9:40)
அப்படியே செய்வோம். பொதுப் பக்கத்தில் செயற்குழுவின் பெயரும் பொறுப்பும், சங்க அலுவலக நம்பரும் மட்டும். மற்ற எல்லாம் லாகினுக்கு உள்ளே. அதுவும் சம்மதம் சொன்னவர்கள் மட்டும். படிவத்தை வீடு வீடாக நானே கொண்டு வருகிறேன்.

2-வது வீதி அக்கா (9:42)
நேற்று இரவிலிருந்து திறந்து கிடந்ததே, கூகுளில் ஏறியிருக்குமா?

வெப்சைட் தம்பி (9:50)
ஏறியிருந்தாலும் வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் நீக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிட்டேன் அக்கா. அது சுமார் 6 மாதம் மறைத்து வைக்கும். பக்கமே இப்போது பூட்டியிருப்பதால், கூகுள் அடுத்த முறை வந்து பார்க்கும்போது பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

3-வது வீதி மாமா (இரவு 8:05)
தம்பி, புதுப் பக்கம் பார்த்தேன். எல்லார் முகமும் ஒரே சாம்பல் பொம்மையாக இருக்கிறதே?

வெப்சைட் தம்பி (8:09)
போட்டோ ஏற்றாதவர்களுக்கு அப்படித்தான் வரும் மாமா. உங்கள் மனசு இருந்தால் ஏற்றுங்க, கட்டாயம் இல்லை. இப்போது உள்ளே இருப்பது செயற்குழுவில் ஒப்புதல் கொடுத்தவர்கள் மட்டும், சோதனைக்காக. யாராவது இன்காக்னிட்டோ விண்டோவில், லாகின் இல்லாமல் திறந்து பாருங்களேன்.

2-வது வீதி அக்கா (8:17)
பார்த்தேன். என் போனிலும் பையன் போனிலும் லாகின் பக்கம்தான் வருகிறது. வீட்டு வைஃபையை நிறுத்திவிட்டும் பார்த்தாயிற்று.

பொருளாளர் (8:20)
அப்போது வாடகைக்கு இருப்பவர்கள்? அவர்களும் சந்தா கட்டுகிறார்களே. எந்த ரோலில் போடுவது?

செயலாளர் (8:26)
அது பெரிய பஞ்சாயத்து. பொதுக்குழுவில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். படிவம் ஞாயிறு காலை 1-வது வீதியிலிருந்து தொடங்குகிறேன். யாராவது வீட்டில் இருங்க.