புகை அறைச் சுவரில் தொங்கிய ஹெட்லைட்

குலசேகரத்திலிருந்து:
ரப்பர் பால்வெட்டுக்கு விடியக்காலம் 3 மணிக்கே தோட்டத்தில் இறங்கிவிடுவேன். நெற்றியில் கட்டும் ஹெட்லைட்தான் கண். புதிதில் 300 மரம் வெட்டி முடித்த பிறகும் பளிச்சென்று எரியும். ஒரே வருடத்தில் 200 மரம் தாண்டுமுன் மங்கத் தொடங்கியது. கத்தி பட்டையைத் தாண்டி இறங்கினால் மரத்துக்குக் காயம். மங்கல் வெளிச்சத்தில் வெட்டவே பயம்.

லைட்டின் பேட்டரி செல்லை மாற்றப் போனேன். கடைக்காரர் முதலில் கேட்டது, “எங்க வச்சு சார்ஜ் போடுதீங்க?”

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை அறையின் வெளிச்சுவரில்தான் பிளக். கை வைத்தால் சுடும். காலையில் மாட்டினால் மறுநாள் எடுக்கும்வரை முழு சார்ஜோடு அங்கேயே தொங்கும். அதுதான் வினை. செல்லில் அது தாங்கும் சார்ஜின் அளவு 2200 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. அவர் கருவி 1300தான் காட்டியது.

லித்தியம் அயான் செல்லில் கிராஃபைட் முனையின்மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டு. சூட்டில் அது தடித்துக்கொண்டே போகும், ஓடித் திரிய வேண்டிய லித்தியம் அதில் அடைபட்டுவிடும். 40 டிகிரியில் முழு சார்ஜோடு ஒரு வருடம் கிடந்தால் மிஞ்சுவது சுமார் 65 சதவீதம். அதே சூட்டில் பாதிக்கும் குறைவான சார்ஜோடு வைத்தால் 85 வரை நிற்கும். போனது போனதுதான், திரும்பாது.

தக்கலையிலிருந்து:
அண்ணாச்சி, குளிரில் கதை வேறு. ராணுவத்தில் லடாக்கில் இருந்தபோது 40 சதவீதம் காட்டிய போன் பட்டென்று அணைந்துவிட்டது. கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்து அரை மணி நேரம் சூடாக்கினேன், பழைய சார்ஜோடு எழுந்தது. குளிரில் உள்ளே இருக்கும் திரவம் கெட்டியாகி, சார்ஜைச் சுமக்கும் அயனிகள் மெதுவாகும், அவ்வளவுதான். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது. லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும், அந்த இழப்பு நிரந்தரம்.

குளச்சலிலிருந்து:
வள்ளத்தில் உச்சிவெயிலில் என் போன் கொதிக்கிறது. மீன் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் வைக்கலாமா?

குலசேகரத்திலிருந்து:
வேண்டாம் மக்கா, ஈரம் கோத்துக் கெட்டுவிடும். நிழலும் காற்றும் போதும். கருப்புப் பையில் சுற்றி வெயிலில் போடாதே. நான் பிளக்கைத் திண்ணைக்கு மாற்றிவிட்டேன். சாயங்காலம் மாட்டி, படுக்கும் முன் கழற்றுகிறேன். புதுச் செல் போட்டு 8 மாதம். கடைசி மரம் வெட்டி வீடு வந்து சேரும்வரை எரிகிறது.