சராசரி பேசி வாயடைத்துப் போன கதைகள்

போன வாரம் சலூனில் நடந்தது. காத்திருந்த பெரியவர் ஒருவர் பழைய கிரிக்கெட் பேட்ஸ்மேன் ஜி.ஆர். விஸ்வநாத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்து, "ஐயா, அவருடைய டெஸ்ட் சராசரி 41.93தான். சதம் வெறும் 14" என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "அதில் 1975 பொங்கல் டெஸ்ட்டை எடு தம்பி" என்றார்.

எடுத்தேன். சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸ். முதல் இன்னிங்ஸில் இந்தியா 190 ஆல் அவுட், விஸ்வநாத் 97 நாட் அவுட்.

"மீதிப் பத்துப் பேரும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்து 93. அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் ராபர்ட்ஸுக்கு 7 விக்கெட். அப்போது ஹெல்மெட் ஏது? முகத்துக்கு எழும்பும் பவுன்சரை முதலில் மெதுவாகப் போடுவான். இவ்வளவுதானா என்று நினைத்தால் அடுத்தது வேகமாக வரும், மூக்கு போச்சு. நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்தவன். மறுமுனையில் ஆள் தீர்ந்துபோய் சதத்துக்கு 3 ரன் குறைந்தது. உன் போனில் அது எந்தக் கணக்கில் இருக்கிறது?"

அரைசதக் கணக்கில். அவருடைய 35 அரைசதங்களில் அதுவும் ஒன்று. செத்த பிட்ச்சில் டிராவுக்காக அடித்த 50-க்கும் அதே மதிப்புதான். அந்த மேட்சை இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. முடிவெட்டுபவர்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்.

* * *

நான் லீக்கில் ஆஃப் ஸ்பின் போட்டவன். ஆபீசில் ஒரு பையன், "ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் அஸ்வினுக்குச் சராசரி 24, அந்தக் கால ஆஃப் ஸ்பின்னர் வெங்கட்ராகவனுக்கு 36. பேச்சே வேண்டாம் சார்" என்றான். அஸ்வின் பெரிய பவுலர்தான், 537 விக்கெட் சும்மா வராது. ஆனால் எங்கள் காலத்தில் பேட்ஸ்மேன் முன்காலை நீட்டிப் பேடில் வாங்கினால், எல்பிடபிள்யூ கேட்டாலும் அம்பயர் அசையவே மாட்டார். தொண்டை வறளக் கத்தியதுதான் மிச்சம். டிஆர்எஸ் என்ற மறுபரிசீலனை முறை வந்து பந்தின் பாதையைத் திரையில் காட்டிய பிறகுதான், அது ஸ்டம்பில் படும் என்று அம்பயர்களே நம்ப ஆரம்பித்தார்கள். போதாக்குறைக்கு, பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்று மூன்று ஸ்பின்னர்கள் இருந்த டீமில் வெங்கட் இடம்பிடிக்க வேண்டியிருந்தது. (பிற்பாடு அவரே 73 டெஸ்ட்டில் அம்பயராக நின்றார். நீட்டிய கால்களுக்கு எத்தனை முறை விரலைத் தூக்கினாரோ!)

* * *

அதற்காக எண்ணையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிராட்மேனின் சராசரி 99.94-ஐ இன்றைய ஆட்களோடு வைத்துப் பேசி அப்பாவிடம் தோற்றேன். பிராட்மேன் டெஸ்ட் ஆடியது ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் மட்டும்தானே என்று மடக்கிவிட்டார். அப்புறம் அதே காலத்துப் பெரிய பேட்ஸ்மேன்களான ஹெட்லிக்கே 60.83, ஹாமண்டுக்கே 58.45தான் என்று எடுத்து வைத்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, சேப்பாக்கம் வெயிலில் ஒரு நாள் ஆடிவிட்டு வரச் சொல்" என்றார்.